பல்லின் வளைவும் பட்டறையின் தேவையும்: பற்சக்கர வடிவியலில் இன்வால்யூட் நிலைபெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரு பற்சக்கரங்களின் பற்கள் எவ்வளைவில் அமைய வேண்டும் என்னும் வினாவிற்கு ஐரோப்பியக் கணிதவியலார் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலேயே இரு விடைகளைக் கண்டிருந்தனர். எபிசைக்ளாய்டு ஒன்று; இன்வால்யூட் மற்றொன்று. சீரான சுழற்சியைத் தருவதில் இரண்டும் நிகரானவை. ஆயினும் இன்று பொறிகளில் இயங்கும் பற்சக்கரங்களில் மிகப் பெரும்பாலானவை இன்வால்யூட் வளைவையே கொண்டுள்ளன. இத்தேர்வு எக்காரணத்தால், எக்காலத்தில் நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கணிதவியலார் முதன்மையாகக் கருதிய சீரான இயக்கம், குறைந்த உராய்வு ஆகிய அளவுகோல்கள் இதனைத் தீர்மானிக்கவில்லை. பிழையைப் பொறுக்கும் தன்மை, நேர்கோட்டுக் கருவியால் வெட்டத்தக்க எளிமை ஆகிய பட்டறை சார்ந்த அளவுகோல்களே தீர்மானித்தன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்

பற்சக்கரம், எபிசைக்ளாய்டு, இன்வால்யூட், ஆய்லர், வில்லிஸ், மாற்றிப் பொருத்தும் தன்மை, தொழில்நுட்ப வரலாறு.

முன்னுரை

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோரிடம் ஒரு பழக்கமான வரிசைமுறை உண்டு. முதலில் கோட்பாடு தோன்றும். அடுத்து அது கருவியாகும். இறுதியில் தொழிற்சாலைக்குச் செல்லும். அறிஞர் கண்டதைத் தொழிலாளர் பின்பற்றினர் என்பது இவ்வரிசைமுறையின் உட்கருத்து. பற்சக்கரத்தின் வரலாறு இதற்கு மிகப் பொருத்தமான சான்றுபோல் முதற்பார்வையில் தோன்றுகிறது. பல்லின் வளைவு குறித்த கணித நூல் 1694இல் வெளிவந்தது. அவ்வளைவைத் துல்லியமாக வெட்டும் பொறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்தன.

ஆனால் இவ்விரு காலப்புள்ளிகளுக்கும் இடைப்பட்ட இருநூறு ஆண்டுகளை இவ்வரிசைமுறை விளக்குவதில்லை. கோட்பாடு கையிலிருந்தும் பட்டறைகள் ஏன் அதனை நாடவில்லை? இரு விடைகள் இருக்க, முதலில் செல்வாக்குப் பெற்ற எபிசைக்ளாய்டு ஏன் பின்வாங்கியது? பற்சக்கரம் வெட்டும் பொறிகளின் வரலாற்றை ராபர்ட் உட்பரி 1958இல் எழுதியபோது வடிவியலையும் பொறியையும் ஒருங்கே வைத்து நோக்கினார். அந்நோக்கைப் பின்பற்றும் இக்கட்டுரை, இரு வளைவுகளுக்கிடையே நிகழ்ந்த தேர்வை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்த அளவுகோல் எப்போது முதன்மை பெற்றது என்பதை ஆராய்கிறது.

1. எண்ணிக்கை விகிதமும் கணநேர விகிதமும்

பற்சக்கரம் மிகப் பழைய கருவி. கிரேக்கத்தின் ஆண்டிகிதீரா தீவருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901இல் மீட்கப்பட்ட வானியல் பொறியில் 30 வெண்கலச் சக்கரங்கள் எஞ்சியுள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் அல்லது முதலாம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படும் இப்பொறியில், கிரகணச் சுழற்சியின் 223 சந்திர மாதங்களைக் குறிக்க 223 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று அமைந்துள்ளது. டெரெக் த சொல்லா பிரைஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வு இப்பொறியின் கணக்கீட்டு நுட்பத்தை விரிவாக எடுத்துரைத்தது.

இத்துணை நுட்பமான பொறியின் பற்கள் எளிய முக்கோண வடிவின. அதில் முரண்பாடு ஏதுமில்லை. 20 பற்கள் கொண்ட சக்கரம் 40 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றினால், பல் எவ்வடிவில் இருப்பினும், முன்னது இருமுறை சுழலும்போது பின்னது ஒருமுறை சுழலும். இது எண்ணிக்கை விகிதம். பற்களை எண்ணிய அளவிலேயே உறுதியாவது. ஒரு பல் தொட்டு விலகும் சிறு இடைவேளைக்குள் வேகம் ஏறியிறங்குகிறதா, சீராக இருக்கிறதா என்பது வேறு வினா. அதனைக் கணநேர விகிதம் எனலாம். முக்கோணப் பல்லில் கணநேர விகிதம் ஒவ்வொரு பல்லுக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். கோள்களின் நிலையைக் காட்டும் முள்ளுக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று.

நீர் ஆலை, காற்று ஆலை ஆகியவற்றின் மரச் சக்கரங்களிலும் நிலைமை இதுவே. அவை மெதுவாகச் சுழன்றன. மரப்பற்கள் தேய்ந்து தேய்ந்து தம்முள் பொருந்திக்கொண்டன. இரு சக்கரங்களின் பற்களின் எண்ணிக்கைக்குப் பொதுக் காரணி இல்லாதவாறு ஒரு பல்லைக் கூட்டி அமைக்கும் வழக்கம் ஆலைத் தச்சரிடம் இருந்தது. ஒவ்வொரு பல்லும் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையே சந்திக்க, தேய்மானம் எங்கும் சமமாகப் பரவியது. பல்லின் வடிவை உளியால் தொடங்கிவைத்து, முடிக்கும் பணியைத் தேய்மானத்திடம் விட்ட மரபு இது. இம்மரபை அறியாமை என ஒதுக்குவதற்கில்லை. தம் பொருளின் இயல்பை அறிந்தோர் கண்ட தீர்வு அது.

2. எபிசைக்ளாய்டின் வருகை

கணநேர விகிதம் சீராக இருக்க வேண்டும் என்னும் கோரிக்கை பதினேழாம் நூற்றாண்டில் எழுந்தது. அதற்குரிய நிபந்தனையை இன்று பற்சக்கர விதி என்கிறோம். இரு பற்கள் தொடும் புள்ளியில் அவற்றின் பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைக. அக்கோடு, இரு சக்கர மையங்களையும் இணைக்கும் கோட்டை எந்நேரமும் ஒரே புள்ளியில் வெட்டுமாயின் வேக விகிதம் மாறாது. அப்புள்ளி வழியாக இரு மையங்களைச் சுற்றியும் வரையப்படும் வட்டங்கள் பிட்ச் வட்டங்கள் எனப்படும். பற்களே இல்லாத இரு வழுவழுப்பான உருளைகள் வழுக்காமல் ஒன்றன்மேல் ஒன்று உருண்டால் எவ்வாறு இயங்குமோ, அவ்வாறே இப்பிட்ச் வட்டங்கள் இயங்குகின்றன.

இவ்விதியை நிறைவு செய்யும் வளைவாக முதலில் முன்வைக்கப்பட்டது எபிசைக்ளாய்டு. ஒரு நாணயத்தை அசையாமல் வைத்து அதன் விளிம்பின்மீது மற்றொரு நாணயத்தை உருட்டினால், உருளும் நாணயத்தின் விளிம்பிலுள்ள ஒரு புள்ளி வரையும் பாதையே எபிசைக்ளாய்டு. இதனைப் பற்களுக்கு முதலில் பயன்படுத்தியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1672 முதல் 1681 வரை பாரிசில் பணியாற்றிய டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமருக்கே அச்சிறப்பு உரியது என லைப்னிட்ஸ் கருதினார். அவருக்கும் முன்னரே ஜிரார் தெசார்க் பாரிசுக்கு அருகில் ஒரு மாளிகையில் இத்தகைய பற்கள் கொண்ட சக்கரத்தை அமைத்திருந்ததாக ஃபிலிப் த லா ஈர் குறிப்பிடுகிறார். லா ஈர் 1694இல் வெளியிட்ட எபிசைக்ளாய்டுகளைப் பற்றிய ஆய்வுநூல், இவ்வளைவையும் இயந்திரங்களில் அதன் பயனையும் முறையாக விளக்கியது.

பொதுமையான கோட்பாட்டைத் தந்தவர் பிரெஞ்சுக் கணிதவியலார் சார்ல் எத்தியேன் லூயி காம்யு. கடிகாரங்களைச் செம்மைப்படுத்தும் நோக்கில் சக்கரப் பற்களின் வடிவைப் பற்றி அவர் 1733இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதினார். ஒரே துணை வட்டத்தை ஒரு பிட்ச் வட்டத்தின் வெளிப்புறத்திலும் மற்றொன்றின் உட்புறத்திலும் உருட்டினால் பிறக்கும் இரு வளைவுகள் தம்முள் எப்போதும் பற்சக்கர விதிப்படி பொருந்தும் என்பது அவர் பெயரால் வழங்கும் தேற்றத்தின் சாரம். வெளிப்புற வளைவு ஒரு பல்லின் மேற்பகுதியாகும். உட்புற வளைவு எதிர்ப்பல்லின் அடிப்பகுதியாகும்.

துணை வட்டத்தின் விட்டம் சிறு சக்கரத்தினது விட்டத்தில் சரிபாதியாக இருந்தால், அச்சிறு சக்கரத்துப் பல்லின் அடிப்பகுதி மையத்தை நோக்கிய நேர்கோடாகிவிடும். கடிகாரத் தொழிலாளர்க்கு அது மிக வசதியானது. ஆனால் அவ்வசதியில் ஒரு கட்டுப்பாடும் அடங்கியிருந்தது. ஒவ்வொரு இணைக்கும் தனித் துணை வட்டம் தேவைப்பட்டதால், ஒரு பினியனுக்காக வெட்டிய சக்கரம் வேறொரு பினியனோடு சரியாகப் பொருந்தாது. இரண்டிரண்டாகப் படைக்கப்படும் கடிகாரச் சக்கரங்களில் இக்குறை வெளிப்படவில்லை. அது வெளிப்படுவதற்கு நூறாண்டு சென்றது.

3. ஆய்லரின் இரு நிபந்தனைகள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் லியோனார்டு ஆய்லர் பற்களின் வடிவைப் பற்றி இரு இலத்தீன் கட்டுரைகள் எழுதினார். முதலாவது 1760இலும், அதன் துணைக்கட்டுரை 1767இலும் அச்சாயின. ஒரு நல்ல பல்லுக்கு இரு நிபந்தனைகளை அவர் முன்வைத்தார்: சுழற்சி சீராக இருக்க வேண்டும், பற்கள் தம்முள் உராயாமல் உருள வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவு செய்ய இயலாது என்பதையும் அவரே நிறுவினார். நிலையான மையங்களைச் சுற்றிச் சுழலும் பற்கள் பிட்ச் வட்டங்களின் தொடுபுள்ளியில் மட்டுமே உராயாமல் உருளும். பிற இடங்களிலெல்லாம் வழுக்கும். எனவே முதல் நிபந்தனையைக் காத்து இரண்டாவதை இயன்ற அளவு விட்டுக்கொடுப்பதே வழி.

இவ்வாய்வின் போக்கில் ஆய்லர் இன்வால்யூட் வளைவைப் பல்லின் வடிவாக முன்வைத்தார். நூலுருளையில் சுற்றிய நூலின் முனையைப் பற்றி, நூல் தளராதவாறு இழுத்துப்பிடித்து அவிழ்த்தால், அம்முனை வரையும் பாதையே இன்வால்யூட். நூலுருளையின் வட்டத்தை அடிவட்டம் என்பர். எபிசைக்ளாய்டுக்கு இது முற்றிலும் அயலானதன்று. உருளும் துணை வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே சென்று, அது ஒரு நேர்கோடாகும் எல்லையை அடைந்தால் கிடைப்பது இவ்வளைவே.

பதினெட்டாம் நூற்றாண்டிற்குள் இரு விடைகளும் கைக்கு வந்துவிட்டன என்பது இங்குக் கருதத்தக்கது. சீரான இயக்கம் என்னும் அளவுகோலின்படி இரண்டும் சமம். உராய்வு என்னும் அளவுகோலின்படி எபிசைக்ளாய்டு சில இடங்களில் மேம்பட்டதாகவும் இருந்தது. பற்களின் எண்ணிக்கை குறைந்த பினியன்களை அமைப்பதில் அதற்குத் தெளிவான வசதி இருந்தது. அறிஞர் வகுத்த அளவுகோல்களை மட்டும் கொண்டு நோக்கின், இன்வால்யூட் வெற்றி பெற்றதற்குக் காரணமே இல்லை.

4. கண்ணளவில் பல் செதுக்கியோர்

கோட்பாடு இவ்வாறு வளர்ந்துகொண்டிருக்கையில் பட்டறையில் நிகழ்ந்தது என்ன? காம்யுவின் நூலிலிருந்து பற்களைப் பற்றிய பகுதி 1806இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் புதிய பதிப்பை 1837இல் கொணர்ந்த ஜான் ஐசக் ஹாக்கின்ஸ், பொறி செய்வோரிடமும் கடிகாரம் செய்வோரிடமும் அவர்தம் நடைமுறையை வினவி அதில் பதிவு செய்தார். அப்பதிவு வரலாற்றாய்வாளர்க்கு அரியதொரு சான்று. லங்காஷயர் பகுதியில் கைக்கடிகாரச் சக்கரங்களைச் செய்தோர் பற்களைப் பிரிஞ்சி இலையின் வடிவம் என்று தாம் அழைத்த ஒரு வடிவில் கண்ணளவாகவே அமைத்தனர். அவர்களிடம் எபிசைக்ளாய்டைப் பற்றிப் பேசுவோன் பேதையாகவே கருதப்படுவான் என்னும் கருத்துப்பட ஹாக்கின்ஸ் எழுதுகிறார்.

லா ஈரின் நூல் வெளிவந்து 143 ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலவிய நிலை இது. இதனைத் தொழிலாளரின் பின்தங்கிய நிலைக்குச் சான்றாகக் கொள்வது எளிது. ஹாக்கின்ஸின் குரலில் அத்தொனி இல்லாமலும் இல்லை. ஆயினும் அத்தொழிலாளர் செய்த கடிகாரங்கள் ஓடின. நகத்தளவே உள்ள சக்கரத்தின் பல்லில் எபிசைக்ளாய்டை வரைந்து வெட்டுவதற்குரிய கருவி அவர்களிடம் இல்லை. அதனை வகுத்த அறிஞரிடமும் இல்லை. காகிதத்தில் சரியான வளைவும் அரத்தின் முனையில் இயன்ற வளைவும் வேறுவேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கோட்பாட்டை மறுத்தனர் என்பதைவிட, செய்துகாட்ட முடியாத கோட்பாட்டால் தமக்குப் பயனில்லை என்று கொண்டனர் என்பதே பொருத்தமாகும்.

பெரும் பொறிகளின் நிலைமை இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. 1786இல் இலண்டனில் இயங்கத் தொடங்கிய ஆல்பியன் ஆலையில் ஜான் ரென்னி வார்ப்பிரும்புச் சக்கரங்களை விரிவாகப் பயன்படுத்தினார். மரம் போல வார்ப்பிரும்பு எளிதில் தேய்ந்து பொருந்துவதில்லை. தவறான வடிவம் தவறாகவே நின்று அதிர்ந்து ஒலிக்கும். மேலும், ஒரே மர அச்சுருவிலிருந்து பல சக்கரங்களை வார்க்க முடிந்ததால், ஒரு பிழை பல சக்கரங்களுக்குப் பரவியது. நீராவிப் பொறிகள் வேகத்தைக் கூட்டியபோது, பழைய மரபு தேய்மானத்திடம் விட்டிருந்த பணியைச் செய்ய வேறொன்று தேவைப்பட்டது.

5. வில்லிசும் மாற்றிப் பொருத்தும் தேவையும்

1837இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜாக்சன் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ராபர்ட் வில்லிஸ் இம்மாற்றத்தின் நடுவே நிற்பவர். கட்டடக்கலை வரலாற்றிலும் பெயர்பெற்ற அவர், சக்கரப் பற்களைப் பற்றி 1838இல் இலண்டன் கட்டடப் பொறியாளர் நிறுவனத்தின் வெளியீட்டில் எழுதிய கட்டுரையிலும், 1841இல் வெளியிட்ட இயந்திர அமைப்பின் அடிப்படைகளைப் பற்றிய நூலிலும் வினாவையே மாற்றி அமைத்தார்.

காம்யு வரை இருந்த வினா: இந்த இரு சக்கரங்களும் எவ்வாறு பொருந்தும்? வில்லிஸ் எழுப்பிய வினா: ஒரே அளவுப் பற்கள் கொண்ட எந்த இரு சக்கரங்களும் எவ்வாறு பொருந்தும்? கடைசல் பொறியில் திருகுமரை வெட்டுவதற்குச் சக்கரங்களை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். ஆலையில் ஒரு சக்கரம் உடைந்தால் அதனை மட்டும் மாற்ற வேண்டும். ஒவ்வோர் இணைக்கும் ஒரு துணை வட்டம் என்னும் முறையில் இது நடவாது. எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே துணை வட்டத்தைக் கொள்க என்பது வில்லிஸ் தந்த தீர்வு. நேர்கோட்டு அடிப்பகுதியின் வசதியை விட்டுக்கொடுத்து, எதனோடும் பொருந்தும் பொதுமையைப் பெறுவது இதன் பொருள்.

துல்லியமான வளைவுக்கு மிக அண்மையான வட்ட வில்களைப் பட்டறையிலேயே வரைந்துகொள்வதற்கு ஓடன்டோகிராஃப் என்னும் எளிய வரைகருவியையும் அவர் அமைத்தார்.  14½ பாகைக் கோணத்தின் சைன் மதிப்பு ஏறத்தாழ ¼. கணக்கிடுவதற்கும் வரைவதற்கும் எளிதான இக்கோணமே பின்னாளில் அமெரிக்கப் பட்டறைகளில் பற்களின் அழுத்தக் கோணமாக நெடுங்காலம் நிலைபெற்றது. கணித நயத்தினும் கைக்கு எளிமை முதன்மை பெறத் தொடங்கியதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

6. மையம் விலகினும் மாறாத விகிதம்

வில்லிஸின் தீர்வு எபிசைக்ளாய்டைக் காப்பாற்றியது. எனினும் அவ்வளைவின் மற்றொரு குறையை நீக்க அதனால் இயலவில்லை. எபிசைக்ளாய்டுப் பல் இரு வளைவுகளால் ஆனது. பிட்ச் வட்டத்திற்கு வெளியே ஒன்று, உள்ளே மற்றொன்று. இரு சக்கரங்களின் பிட்ச் வட்டங்களும் மிகச்சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது மட்டுமே மேல்வளைவு எதிர்ப்பல்லின் கீழ்வளைவோடு பொருந்தும். மையங்கள் சற்று விலகினாலும் பொருத்தம் கெட்டு, கணநேர விகிதம் அலைவுறும்.

இன்வால்யூட்டில் இந்நிலை இல்லை. இரு அடிவட்டங்களையும் இரு நூலுருளைகளாகக் கொண்டு, ஒன்றிலிருந்து அவிழ்ந்து மற்றொன்றில் சுற்றிக்கொள்ளும் குறுக்கு நூலை எண்ணிப் பார்க்கலாம். நூலில் இட்ட ஒரு மைப்புள்ளி ஒரு சக்கரத்தின்மீது ஓர் இன்வால்யூட்டையும், மற்றொரு சக்கரத்தின்மீது மற்றோர் இன்வால்யூட்டையும் ஒரே நேரத்தில் வரையும். அவ்விரு வளைவுகளும் தொடும் இடமெல்லாம் அந்நூலின் மீதே அமையும். தொடுபுள்ளியின் செங்குத்துக்கோடும் அந்நூலே. வேக விகிதத்தைத் தீர்மானிப்பவை உருளைகளின் ஆரங்கள் மட்டுமே. உருளைகளை விலக்கி வைத்தால் நூலின் சாய்வு மாறும், விகிதம் மாறாது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவுபடுத்தலாம். மாட்யூல் 5 மி.மீ., அழுத்தக் கோணம் 20 பாகை கொண்ட 20 பல், 40 பல் சக்கரங்களைக் கொள்வோம். பிட்ச் வட்டங்களின் விட்டம் முறையே 100 மி.மீ., 200 மி.மீ.; மையத் தொலைவு 150 மி.மீ. அடிவட்டங்களின் ஆரம் முறையே ஏறத்தாழ 46.98 மி.மீ., 93.97 மி.மீ. தாங்கிகளைப் பொருத்துவதில் ஏற்பட்ட பிழையால் மையத் தொலைவு 151 மி.மீ. ஆகிவிட்டது எனின், அழுத்தக் கோணம் 20 பாகையிலிருந்து ஏறத்தாழ 21 பாகையாக உயரும். பற்களுக்கிடையிலான தளர்ச்சி கூடும். ஒரே நேரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பற்களின் சராசரி சற்றுக் குறையும். ஆனால் வேக விகிதம் ஒவ்வொரு கணத்திலும் 2:1 ஆகவே நிற்கும். அடிவட்டங்கள் உலோகத்திலேயே வெட்டப்பட்டுவிட்டன. மையத்தை நகர்த்துவதால் அவற்றை மாற்ற முடியாது.

இது இன்வால்யூட் வளைவின் இயல்பிலேயே உள்ள பண்பு. எனினும் பெட்டிகளையும் தாங்கிகளையும் வெவ்வேறு கைகள் செய்து பின்னர் ஒன்றுசேர்க்கும் உற்பத்தி முறை வந்தபோதுதான் இதன் மதிப்புப் பெருகியது. ஒரே கடிகாரக்காரர் எல்லாவற்றையும் தாமே செய்து, தாமே பொருத்திச் சரிபார்த்த காலத்தில், பிழையைப் பொறுக்கும் வளைவுக்குப் பெருந்தேவை இருந்ததில்லை.

7. நேர்கோட்டிலிருந்து பிறந்த வளைவு

அடுத்த படி வெட்டும் கருவியைச் சார்ந்தது. அமெரிக்காவின் ராட் தீவு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரின் பிரவுன் அண்டு ஷார்ப் நிறுவனத்தைச் சார்ந்த ஜோசப் பிரவுன், பல்லிடை வெளியின் வடிவிலேயே அமைந்த மில்லிங் கட்டர் ஒன்றிற்கு 1864இல் காப்புரிமை பெற்றார். மீண்டும் மீண்டும் தீட்டினாலும் உருவம் மாறாதது அதன் சிறப்பு. சரியான வளைவு தொழிலாளியின் கண்ணிலிருந்து கருவிக்குள் இடம்பெயர்ந்த தருணம் இது எனலாம்.

பல்லின் எண்ணிக்கை மாறும்போது பல்லிடை வெளியின் உருவமும் மாறும். ஆதலின் ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டர் என்பதே கண்டிப்பான தேவை. நடைமுறையில், அண்மையான எண்ணிக்கைகளைத் தொகுத்து, தொகுதிக்கு ஒரு கட்டர் என அமைத்தனர். அந்நிறுவனம் விற்ற கட்டர்களில், 12 பல் சக்கரம் முதல் நேரான பற்சட்டம் வரை எல்லாவற்றையும் வெட்ட இன்வால்யூட் முறையில் ஒவ்வொரு பல் அளவுக்கும் 8 கட்டர்கள் போதுமாயின. எபிசைக்ளாய்டு முறையில் 24 தேவைப்பட்டன. சிறு உருவப் பிழையையும் பொறுக்காத வளைவுக்கு நுணுக்கமான பிரிவுகள் வேண்டியிருந்தன என இதனை விளக்கலாம். எட்டுக்கும் இருபத்து நான்குக்கும் இடையிலான வேறுபாடு எந்தத் தேற்றத்திலும் இடம்பெறாதது. ஆனால் கருவி வாங்கும் பட்டறை உரிமையாளர் உடனே காணக்கூடியது.

முழுமையான தீர்வு மற்றொரு கருத்திலிருந்து வந்தது. சக்கரத்தின் ஆரத்தை எல்லையின்றிப் பெருக்கினால் அது நேரான பற்சட்டமாகும். இன்வால்யூட் முறையில் அப்பற்சட்டத்தின் பற்கள் நேர்கோட்டுப் பக்கங்களைக் கொண்டவை. எபிசைக்ளாய்டு முறையில் அவையும் வளைவுகளே. எடின்பரோவைச் சார்ந்த எட்வர்டு சாங் 1852இல் வெளியிட்ட பற்கள் பற்றிய பொதுக் கோட்பாடு, பற்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு ஒரு தொகுதியின் எல்லாச் சக்கரங்களையும் தோற்றுவிக்கும் கருத்தை வலியுறுத்தியது. பற்சட்ட வடிவில் ஒரு வெட்டுக்கருவியைச் செய்து, வெட்டப்படும் சக்கரத்தோடு அது பொருந்தி உருள்வதுபோலவே நகர்த்தினால், சரியான வளைவு தானே உருவாகும். வளைவை யாரும் வரைய வேண்டியதில்லை. நேர்கோட்டைத் துல்லியமாகத் தீட்டத் தெரிந்தால் போதும்.

இக்கருத்தை உலோகத்தில் நிறைவேற்றிய பொறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் வந்தன. வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் எட்வின் ஃபெலோஸ் 1896இல் நிறுவிய தொழிலகம், பற்சக்கர வடிவிலேயே அமைந்த கட்டரைக் கொண்டு வெட்டும் பொறியைச் செய்தது. அக்கட்டரின் பற்களைச் சாணைக்கல்லின் தட்டையான பக்கத்தால் தீட்டினர். அத்தட்டைப் பக்கமே பற்சட்டத்தின் நேர்கோட்டுப் பல்லாகச் செயற்பட்டது. ஃபெலோஸ் இளமையில் துணிக்கடையின் காட்சிச் சாளரங்களை அணிசெய்யும் பணியில் இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஹெர்மன் ஃபௌட்டர் 1897இல் உருவாக்கிய ஹாப்பிங் பொறி, திருகுமரை வடிவக் கட்டரைக் கொண்டு இடையறாது வெட்டியது. அம்மரையின் குறுக்குவெட்டும் நேர்கோட்டுப் பற்சட்டமே. ஒரே பல் அளவு கொண்ட எந்த எண்ணிக்கைச் சக்கரத்தையும் ஒரே ஹாப் வெட்டும். எட்டுக் கட்டர்களும் ஒன்றாயின.

இரு வகைத் திருகுமரைகள் எவ்வாறு தேவையற்றனவோ அவ்வாறே இரு வகைப் பல் வளைவுகளும் தேவையற்றன என்று இதே பத்தாண்டில் பற்சக்கர நூல் எழுதிய ஜார்ஜ் கிராண்ட் வாதிட்டார். எபிசைக்ளாய்டு நீடித்ததற்குப் பழக்கமே காரணம் என்பது அவர் கருத்து.

8. இழப்புகளும் விலக்குகளும்

இத்தேர்வு இழப்பின்றி நிகழவில்லை. நேர்கோட்டுக் கருவியால் வெட்டும்போது, பற்களின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே சென்றால், கருவி பல்லின் அடியைக் குடைந்துவிடும். 14½ பாகை அழுத்தக் கோணத்தில் அவ்வரம்பு 32 பற்கள்; 20 பாகையில் ஏறத்தாழ 17. பட்டறைகள் 14½ பாகையிலிருந்து 20 பாகைக்கு மெல்ல நகர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பற்களை வலுவாக்குவதும் மற்றொரு காரணமாக அமைந்தது.

இயந்திரக் கைக்கடிகாரங்களில் பினியனுக்கு ஆறு முதல் பத்துப் பற்களே இருக்கும். பெரிய சக்கரம் சிறியதை வேகமாகச் சுழற்ற வேண்டும். உராய்வு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அங்கு எபிசைக்ளாய்டு வழிவந்த வடிவங்களே இன்றும் ஆட்சி செய்கின்றன. காம்யு யாருக்காக எழுதினாரோ அத்தொழிலில் அவர் தோற்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டிலும் மாற்று வடிவங்கள் முன்வைக்கப்பட்டன. சோவியத் ஒன்றியத்தின் மிகயீல் நோவிகோவ் 1956இல் முன்வைத்த வட்டவில் பற்களில், ஒரு பல்லின் குவிந்த பரப்பு எதிர்ப்பல்லின் குழிந்த பரப்பில் அமர்வதால் அவை மிகுந்த சுமையைத் தாங்கின. ஆனால் மையத் தொலைவில் நேரும் பிழையை அவை எளிதில் பொறுப்பதில்லை. சுமை தாங்கும் ஆற்றலில் இன்வால்யூட்டை வென்ற ஒரு வடிவம் அதனை முற்றாக அகற்ற இயலாமற் போனதற்கு இப்பண்பும் ஒரு காரணமாயிற்று. எட்டாவது பிரிவின் இச்சான்றுகள் ஆறாவது பிரிவின் கருத்தை மறுமுனையிலிருந்து உறுதி செய்கின்றன.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன.

முதலாவதாக, பல்லின் வளைவைப் பற்றிய கணித அறிவு பதினெட்டாம் நூற்றாண்டிற்குள் நிறைவுற்றிருந்தும், அவ்வறிவால் மட்டும் இரு வளைவுகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை. சீரான இயக்கம் என்னும் அளவுகோல் இரண்டையும் சமமாக ஏற்றது.

இரண்டாவதாக, தேர்வைச் செய்தவை வேறு மூன்று தேவைகள்: எச்சக்கரத்தோடும் மாற்றிப் பொருத்துதல், பொருத்தும்போது நேரும் பிழையைப் பொறுத்தல், எளிய கருவியால் வெட்டுதல். முதல் தேவையை எபிசைக்ளாய்டும் வில்லிஸின் துணையால் நிறைவு செய்தது. மற்ற இரண்டில் அது பின்தங்கியது. இத்தேவைகள் இரும்பு, நீராவி, பகுத்துச் செய்து தொகுக்கும் உற்பத்தி ஆகியவற்றோடு எழுந்தவை. பாரிஸ் கழகத்தின் முன்போ செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் முன்போ அவை வினாக்களாக நின்றதில்லை.

மூன்றாவதாக, லங்காஷயர்த் தொழிலாளர் எபிசைக்ளாய்டைப் புறக்கணித்ததை அறியாமை என்னும் ஒரே சொல்லால் விளக்குதல் பொருந்தாது. செய்யும் வழியைத் தாராத கோட்பாட்டை அவர்கள் ஏற்கவில்லை. அவ்வழி பிறந்தபோது, அது வளைவைத் துல்லியமாக வரையக் கற்பித்ததன் வாயிலாகப் பிறக்கவில்லை. வளைவை வரையவே வேண்டாத நிலையை உண்டாக்கியதன் வாயிலாகப் பிறந்தது.

ஒரு கருவியின் வரலாற்றை எழுதுவோர், யார் முதலில் கண்டார் என்பதோடு, எந்த அளவுகோல் எப்போது முதன்மை பெற்றது என்பதையும் வினவ வேண்டும். இன்வால்யூட் 1767இல் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே 1897இலும் இருந்தது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் மாறியது வளைவன்று; அதனிடம் மனிதர் எதிர்பார்த்தது.